வி-கிராஸில் கூடாரம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, வணக்கம். நான் போடிக்காரன். எங்கள் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியில் கூடாரம் போட்டு, அப்பாவோடு கேரளாவில் மூணாறு தாண்டி இருக்கும் வட்டவடை பக்கம் நாலு நாள் தங்கிவர ரொம்ப நாள் ஆசை.

போகும் வழியில் போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. வண்டியின் கூரையில் கனம் ஏறினால் வளைவில் ஆடும். அதனால் கேபின் மட்டத்துக்கு மேலே போகாமல், பின்தொட்டியிலேயே தாழ்வாக இரும்புச் சட்டம் அடித்துக் கூடாரத்தை வைக்கலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு, உயரமான ஏணி ஏற மாட்டார். சட்டத்துக்கு போல்ட் மட்டும் தாங்குமா, வெல்டிங் வைக்கணுமா? மேட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கி போல்ட் தளருமோ என்பதுதான் பயம்.

முன்பக்க இரும்பு பம்பர் கம்பி வேண்டாம், 2017லேயே தடை வந்துவிட்டது. கேரளா செக்போஸ்டில் கூடாரத்துக்கு ஏதும் கேட்டார்களா? தேனி, கம்பம் பக்கம் நல்ல பட்டறை இருந்தாலும் சொல்லுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் முடிக்கணும்.