ஆபிஸ்ல கிஃப்டா வந்த பழைய ஈசி சேர், வார்னிஷ் அடிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். வேற டீமுக்கு மாறினேன்னு பழைய டீம் ஆளுங்க எல்லாரும் காசு போட்டு ஒரு பழங்காலத்து சாய்வு நாற்காலி வாங்கிக் குடுத்தாங்க. கை வைக்கிற கட்டை நுனியில சிங்க முகம், முதுகுப் பலகையில பூவும் கொடியுமா செதுக்கு வேலை, பின்னாடி ஒரு கம்பி, அதை எடுத்து அடுத்த பள்ளத்துல வச்சா இன்னும் கொஞ்சம் சாயுது. ஆனா ஒரேயடியா கறுத்துக் கிடக்கு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடும்னு வீட்ல சொல்றாங்க. செய்யலாமா? எந்தக் காலத்து சேர்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

மரத்தூள்:
ஐயோ, உப்புத்தாள் பக்கமே போகாதீங்க!! அந்தக் கறுப்பு முழுக்க அழுக்கு இல்ல, வருஷக்கணக்கா கை பட்டு ஏறின நிறமும் அதுல இருக்கு, தேய்ச்சீங்கன்னா நிறமும் போயிடும் சிங்கத்தோட பிடரி மயிரும் மழுங்கிடும், விலையும் பாதாளத்துக்குப் போயிடும். மெத்துன்னு ஒரு பிரஷ் வச்சு செதுக்கல் இடுக்குல இருக்கிற தூசிய மட்டும் தட்டுங்க. அடியில மறைவான எடத்துல பஞ்சுல துளி ஸ்பிரிட் தொட்டு வைங்க, பிசுபிசுன்னு இளகினா அது அரக்கு பாலிஷா இருக்க வாய்ப்பு அதிகம். அப்படின்னா வேற எங்கயும் ஸ்பிரிட் படவே கூடாது.

பழசுப்பிரியன்:
கம்பிய மாத்தி சாய்க்கிற இந்த மாடலுக்கு மாரிஸ் சேர்னு பேரு, 1860கள்ல இங்கிலாந்துல வில்லியம் மாரிஸ் கம்பெனி வித்து பிரபலமாச்சு. அதுக்கப்புறம் ஆளாளுக்கு காப்பியடிச்சாங்க, அதனால மாடல மட்டும் வச்சு வயசு சொல்ல முடியாது. கவுத்துப் போட்டு ஸ்க்ரூவ பாருங்க. பிளஸ் தலை ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930கள்லதான்.

கேட்டவர்:
கவுத்துட்டேன். எல்லாம் ஒத்தக்கோடு தலை, சீட்டுக்கு அடியில மட்டும் ரெண்டு பிளஸ். டூப்ளிகேட்டா? ஸ்பிரிட் வச்ச எடம் பிசுபிசுக்குது.

பழசுப்பிரியன்:
அவசரப்படாதீங்க, அந்த ரெண்டும் ரிப்பேர்ல மாத்தினதா இருக்கலாம். ஒத்தக்கோடு இன்னிக்கும் கடையில கிடைக்குது, அதனால அதுவும் சாட்சி ஆகாது. ஒண்ண கழட்டிப் பாருங்க, நுனி மொட்டையா இருந்தா ரொம்பப் பழசு, கூர் நுனி ஸ்க்ரூ பரவலானது 1850 வாக்குலதான்.

மரத்தூள்:
பிசுபிசுத்தா அரக்குதான் போல, வார்னிஷ் ஆசைய விட்டுடுங்க. கால்ல குண்டூசி தலை அளவு ஓட்டை இருக்கான்னும் பாருங்க, கீழ புது மாவு கொட்டியிருந்தா உளு உள்ள உயிரோட இருக்கலாம், மத்த மர சாமான் பக்கத்துல வைக்காதீங்க.