புதுப்பிப்பு: வாடகைக்கு விடக் கடனில் வீடு வாங்கலாமா – கணக்கிட்டுப் பார்த்த முடிவு
கடன் வாங்கி ஓர் அடுக்கக வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா என்ற என் கேள்விக்கு வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. ஆண்டு வாடகையை விலையால் மட்டும் வகுக்காமல், செலவு போக மிஞ்சுவதை மொத்த முதலீட்டால் வகுக்கச் சொன்ன யோசனையே தெளிவைத் தந்தது. விலை 100 என்றால் ஆண்டு வாடகை 6; அதில் ஒரு மாதம் ஆளின்றிக் கிடப்பதற்கு 0.5, பராமரிப்பு, வரி, காப்பீட்டுக்கு 1.4 போக மிஞ்சுவது 4.1, பதிவுச் செலவும் தரகும் சேர்ந்து முதலீடு 108 ஆவதால், நிகர வருவாய் ஏறக்குறைய 3.8 விழுக்காடுதான். கடன் வட்டி அதைவிட அதிகம் என்பதால், விலையேற்றத்தை மட்டும் நம்பி இறங்கத் துணிவின்றி விட்டுவிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: குடியிருப்போர் சங்கக் கணக்கைக் கேட்டுப் பார்த்தபோது, மின்தூக்கியை மாற்ற ஒவ்வொரு உரிமையாளரும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருப்பது தெரிந்தது (விற்பவர் வாயே திறக்கவில்லை). அந்தத் தொகை மேற்கண்ட 1.4-இல் சேரவில்லை.