வாக்கி டாக்கியில் யார் பேசலாம், யார் கேட்டால் போதும்: எங்கள் அனுபவங்கள்

கட்டுமான சைட்டில் இருந்து

சென்னைக்கு வெளியே ஒரு அடுக்குமாடி சைட்டில் வாக்கி டாக்கி பராமரிப்பு நான்கு வருடம் என் பொறுப்பு. மொத்தம் 38 செட், எல்லாம் டிஎம்ஆர் என்கிற டிஜிட்டல் வகை. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கிடையாது, செட்டுக்குச் செட் நேரடியாகத்தான்.

டவர் கிரேன், கேட் செக்யூரிட்டி, ஸ்டோர் என்று தனித்தனி குரூப் போட்டிருந்தோம். ஆனால் அலைவரிசை ஒன்றுதான். ஒரு குரூப் பேசுவது இன்னொரு குரூப்புக்குக் கேட்காது. அதனால் தனித்தனி லைன் மாதிரி என்றே எல்லோரும் நினைத்தோம், நானும்தான். ஒரு குரூப் பேசும்போது மற்ற செட்டுகள் சத்தமில்லாமல் இருக்குமே தவிர, அலைவரிசை என்னவோ அடைபட்டுத்தான் இருக்கும். இது எனக்கு உறைத்தது ஒரு மதிய நேரத்தில்.

பதினோராவது மாடிக்குக் கம்பிக் கட்டு ஏறியிருந்தது. லோடு இறங்கும் இடம் கிரேன் கேபினில் இருக்கும் ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியாது. லோடைக் கட்டி வழிகாட்டும் ரிக்கர், வாக்கியின் பட்டனை அழுத்தியபடி "கீழே, கீழே, கீழே" என்று விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் லோடும் நிற்க வேண்டும், அதுதான் விதி. கையுறையை இழுத்துவிட ரிக்கர் ஒரு நொடி பட்டனை விட்டார். அந்த இடைவெளியில் கேட்டில் ஒருவர் லாரி நம்பர்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ரிக்கர் திரும்ப அழுத்தினால் பிஸி டோன். மறுபடி அழுத்தினார், மறுபடி அதே டோன். ஏறக்குறைய ஒரு நிமிஷம் அந்தக் கம்பிக் கட்டு ஸ்லாப் விளிம்பில் காற்றில் ஆடியது. கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபரேட்டர் விதிப்படி நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அன்று இரவே லேப்டாப்பையும் புரோகிராமிங் கேபிளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் உரிமத்தில் இரண்டாவது அலைவரிசை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கிரேனுக்கு மட்டும் ஒதுக்கினேன். அதில் பேசும் வசதி ஆபரேட்டர், இரண்டு ரிக்கர், சேஃப்டி ஆபீசர் ஆகிய நான்கு செட்டுக்குத்தான். கேட் செட்டுகளில் அந்தச் சேனலே இல்லை. தொடர்ந்து பேசும் நேர வரம்பைக் கேட்டுக்கு 20 வினாடியாகக் குறைத்தேன். ரிக்கர் இடைவிடாமல் பேச வேண்டியவர் என்பதால் அவருக்கு 180 வினாடி. எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் ஆல் கால் கன்ட்ரோல் ரூமுக்கு மட்டும்.

மறுநாள் காலை இன்ஜினியர்கள் வந்து நின்றார்கள். "கிரேன் சேனல் எங்களுக்கும் வேணும்." சரி, அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருந்தது, லோடு எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். "கேட்கிறதுக்குத் தடையே இல்லை சார், பேசறது மட்டும் வேண்டாம்" என்றேன். அந்தச் சேனலில் டிரான்ஸ்மிட்டை அடைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் முணுமுணுப்பு, அப்புறம் பழகிவிட்டது.

கெமிக்கல் பிளான்ட்டில் இருந்து

மேலே எழுதியவருக்கு நேர்ந்தது சேனலில். எங்களுக்கு நேர்ந்தது மெனுவில்.

தொலைந்த செட்டைத் தூரத்திலிருந்தே முடக்க ஸ்டன் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டளையை அனுப்பும் மெனு எங்கள் எல்லா செட்டிலும் திறந்தே கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு நைட் ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி, வேறு ஒருவருக்குத் தனி அழைப்பு போடப் போய், மெனுவில் ஒரு வரி தள்ளி அழுத்திவிட்டார். முடங்கியது ஃபயர் டீம் செட். ஷிப்ட் மாறும்போது செட்டுகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. அதுவரை அந்த டீமுக்கு எதுவும் கேட்டிருக்காது. அவர்களும் அமைதியான ராத்திரி என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பியைத் திட்டக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த மெனுவை மூடாமல் விட்டவன் நான். இப்போது ஸ்டன் அனுப்புவது கன்ட்ரோல் ரூம் செட் ஒன்றிலிருந்து மட்டும். ஃபயர் டீம் செட்டுகள் ஸ்டன் கட்டளையை ஏற்கவே ஏற்காது. அவற்றில் ஒன்று தொலைந்தால் தொலையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.