புதுப்பிப்பு: பாளையங்கோட்டை வீட்டுக்கு டைல்ஸ் போட்டாச்சு

ஆச்சி வீட்டுச் சிவப்புக் காவித் தரை வெடித்துப் போனதால் எந்த டைல்ஸ் போடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது, பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கூடத்துக்கு 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட், அதாவது அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான டைல்ஸ். தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. முற்றத்திலும் குளியலறையிலும் பளபளப்பில்லாத, சொரசொரப்பான மேட் டைல்ஸ்தான். ஆச்சி நடமாடும் இடத்தில் பளபளப்பு எதற்கு?

பெட்டியின் மேல் இருக்கும் ஷேடு (நிறச் சாயல்) எண்ணைக் கடையிலேயே பாருங்கள். எங்களுக்கு ஒரு பெட்டி மட்டும் வேறு ஷேடு. கடைக்குள் தெரியவில்லை, வெயிலில் வைத்ததும் பல்லிளித்தது. மாற்றித் தந்துவிட்டார்கள்.

ஒட்டிக் காய்ந்தபின் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். "என்ன அண்ணாச்சி, தேங்காயா வாங்குதீய?" என்று சிரித்தார் கொத்தனார். வாசல் ஓரம் இரண்டொன்று டொக்கு டொக்கென்றன, அடியில் கலவை சேரவில்லை. முகம் சுளிக்காமல் அவரே பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

டைல்ஸுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டவருக்கு: ஸ்பேசர் (இடையில் செருகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்து 2 மி.மீ. அந்த இடைவெளியை அடைக்க, குளியலறையில் எபாக்சி கிரௌட் (பிசின் கலந்த பூச்சு), மற்ற இடத்தில் சாதா சிமெண்ட் கிரௌட். அப்புறம், மிச்சமான டைல்ஸைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஷேடு கிடைப்பது கஷ்டம்.