முடித்த தளத்தை ஏற்ற எந்த மென்பொருள்? ஃபைல்ஸில்லாவா, வின்எஸ்சிபியா, ஒன்றுமே வேண்டாமா?

குளக்கரை:
வணக்கம் நண்பர்களே. எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வரும் பறவைகளைப் பற்றி ஒரு தளம் செய்து முடித்துவிட்டேன். வேர்ட்பிரஸ் இல்லை, கையால் எழுதிய ஹெச்டிஎம்எல்தான். ஐம்பது பக்கம் இருக்கும், படங்கள் ஏராளம், மொத்தம் 400 எம்பி. சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரில் பலருடைய தளங்கள்) ஒரு வருடத்துக்கு வாங்கியாகிவிட்டது. சிபேனல் (ஹோஸ்டிங்கைப் பிரவுசரில் நிர்வகிக்கும் பக்கம்) லாகினும் ஒரு எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு ஏற்றும் முறை) கணக்கும் மெயிலில் வந்திருக்கின்றன. என்னிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். ஏற்றுவதற்கு எந்த மென்பொருள் நல்லது? மாதாமாதம் புதுப் படங்கள் சேர்ப்பேன். காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இல்லை.

மணிமுத்தாறு:
ஃபைல்ஸில்லா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2001-லிருந்து இருக்கிறது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர். வலப்பக்கத்தில் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டரை (தளமாக வெளியே தெரிவது இதற்குள் இருப்பவைதான்) திறந்துகொண்டு இடப்பக்கத்திலிருந்து இழுத்து விடுங்கள். தளத்தின் ஃபோல்டரையே இழுக்காமல், அதற்குள் இருப்பவற்றை மட்டும் இழுக்க வேண்டும். இல்லையென்றால் முகவரிக்குப் பின்னால் ஃபோல்டர் பெயரையும் தட்டினால்தான் தளம் வரும். நடுவில் நெட் போனாலும் பயமில்லை, விடுபட்ட கோப்புகள் கீழே 'ஃபெயில்டு டிரான்ஸ்ஃபர்ஸ்' தாவலில் நிற்கும், திரும்ப வரிசையில் போட்டுக்கொள்ளலாம்.

வெட்டிப்பேச்சு:
எதற்கு மென்பொருள்? சிபேனலில் ஃபைல் மேனேஜர் இருக்கிறதே. மொத்தத்தையும் ஜிப் செய்யுங்கள், பிரவுசரிலேயே அப்லோடு செய்யுங்கள், 'எக்ஸ்ட்ராக்ட்' அழுத்துங்கள். எஃப்டிபியில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு டேட்டா இணைப்பு திறந்து மூட வேண்டும். சின்னச் சின்னப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்தத் திறப்பும் மூடலுமே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

மணிமுத்தாறு:
ஹாட்ஸ்பாட் என்கிறார், 400 எம்பி ஜிப்பை பிரவுசரில் ஏற்றச் சொல்கிறீர்கள். 390-ல் சிக்னல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. எஃப்டிபி என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தாழம்பூ:
மாதாமாதம் படம் சேர்ப்பேன் என்று அவர் எழுதியிருப்பதை இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டீர்கள். முதல் தடவை ஏற்ற எதுவும் போதும், அதற்கு மென்பொருள் தேர்வே தேவையில்லை. இரண்டாவது தடவைதான் சிக்கல். எந்தப் பக்கத்தைத் திருத்தினோம், எந்தப் படம் புதிது, எதை ஏற்கெனவே ஏற்றினோம் என்பது ஆறு வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? அதற்குத்தான் வின்எஸ்சிபி. அதில் 'சிங்க்ரனைஸ்' கொடுத்தால் கணினியையும் சர்வரையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் ஒரு பட்டியலாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். வேண்டாததை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால் அவ்வளவுதான்.

மணிமுத்தாறு:
ஃபைல்ஸில்லாவிலும் 'டைரக்டரி கம்பாரிசன்' இருக்கிறதே. மாறியவை வேறு நிறத்தில் தெரியும்.

தாழம்பூ:
தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபோல்டராக நீங்கள்தான் நுழைந்து பார்த்து இழுக்க வேண்டும். அவரிடம் குளத்துக்கு ஒரு ஃபோல்டர் இருந்தால் அத்தனைக்குள்ளும் போய் வர வேண்டும். இன்னொன்று, ஃபைல்ஸில்லாவின் சொந்தத் தளத்திலேயே பெரிய பச்சை பட்டனை அழுத்தினால் வேறு மென்பொருள்களை நுழைக்கப் பார்க்கும் இன்ஸ்டாலர்தான் வரும். அது கலக்காத இன்ஸ்டாலரைக் கூடுதல் டவுன்லோடு பக்கத்தில் தேட வேண்டும். புதிதாக வருபவருக்கு அதை எப்படிச் சிபாரிசு செய்வது?

மணிமுத்தாறு:
கூடுதல் பக்கத்துக்கு ஒரு கிளிக். அதற்குள் ஒரு குற்றப்பத்திரிகை. ஒரு வேடிக்கை சொல்லவா? உங்கள் வின்எஸ்சிபியின் எஃப்டிபி பகுதியே பழைய ஃபைல்ஸில்லாவின் மூலநிரலிலிருந்து எடுத்ததுதான். எஸ்எஸ்ஹெச் (சர்வரோடு பூட்டிய இணைப்பு) பகுதி புட்டி என்ற மென்பொருளிலிருந்து வந்தது. நாளைக்கு இவர் லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாறினால் வின்எஸ்சிபி கூட வராது, அது விண்டோஸுக்கு மட்டும்.

தாழம்பூ:
நிரல் எங்கிருந்து வந்தால் என்ன, கையில் கிடைக்கும் வசதியைத்தான் பேசுகிறோம். அவரிடம் இருப்பது விண்டோஸ்.

கருந்திரை:
நீங்கள் இருவரும் ஜன்னலைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், அடியில் ஓடுவது எஃப்டிபி. 1971-ல் அபய் பூஷண் எழுதிய வரையறையிலிருந்து வளர்ந்தது. ஐஐடி கான்பூரில் படித்து எம்ஐடிக்குப் போனவர், அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் ஒன்றுக்கொன்று அறிமுகமான சில கணினிகள் மட்டும் இருந்த காலத்து ஏற்பாடு அது. கடவுச்சொல் அப்படியே திறந்தபடி போகும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள், அதற்குப் பிறகுதான் எஸ்எஸ்ஹெச் பிறந்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-ல் எஃப்டிபியைத் தூக்கி எறிந்துவிட்டன. இன்னும் அதைச் சொல்லிக்கொடுப்பதா? எஸ்எஸ்ஹெச் வழியாக ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைவுக் கருவி, ஒரே வரிக் கட்டளை. பெரிய கோப்பில் நடுவில் கொஞ்சம் மாறியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் அனுப்பும். 1996-லிருந்து இதுதான் வழி.

மணிமுத்தாறு:
பிரவுசர்கள் நீக்கியது எஃப்டிபி முகவரியைத் திறந்து பார்க்கும் வசதியை. அதற்கும் ஹோஸ்டிங்கில் கோப்பு ஏற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? மேலும் ஃபைல்ஸில்லாவில் புதிய தளம் சேர்த்தாலே 'டிஎல்எஸ் இருந்தால் பயன்படுத்து' என்பதுதான் முன்னிருப்பு (டிஎல்எஸ் என்றால் போகிற தகவலைப் பூட்டும் முறை). அதை 'டிஎல்எஸ் கட்டாயம்' என்று மாற்றினால் கடவுச்சொல்லும் கோப்பும் பூட்டியபடிதான் போகும். அதுவும் அதே 21-ஆம் போர்ட்டில்.

கருந்திரை:
எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? சர்வரின் அடையாளச் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தவுடன் படிக்காமல் ஓகே அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

தாழம்பூ:
அந்த எச்சரிக்கை ஏன் வருகிறது என்றும் சொல்லிவிடலாமே. ஷேர்டு ஹோஸ்டிங்கில் பல நேரம் சான்றிதழ் சர்வரின் பெயருக்கு இருக்கும், நாம் நம் டொமைன் பெயரைக் கொடுத்து நுழைவோம், இரண்டும் பொருந்தாது. ஹோஸ்டிங்காரர்கள் மெயிலில் கொடுத்த சர்வர் பெயரையே 'ஹோஸ்ட்' கட்டத்தில் போட்டால் பெரும்பாலும் எச்சரிக்கை மறைந்துவிடும்.

ஆனால் கடவுச்சொல் போகும் வழியைவிடக் கணினியிலேயே கிடப்பதுதான் எனக்குப் பயம். 2009-ல் கம்ப்ளார் என்ற நச்சுநிரல் இப்படித்தான் பரவியது: கணினிக்குள் நுழைந்து, சேமித்து வைத்திருந்த எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடி, அவரவர் தளத்தில் தன் நிரலை ஒட்டிவிட்டுப் போனது. ஃபைல்ஸில்லா நெடுங்காலம் கடவுச்சொல்லை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில், யார் திறந்தாலும் படிக்கும்படி வைத்திருந்தது.

மணிமுத்தாறு:
2017-லேயே மாஸ்டர் பாஸ்வேர்டு (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் ஒரு கடவுச்சொல்) வந்துவிட்டது. உங்கள் வின்எஸ்சிபியும் மாஸ்டர் பாஸ்வேர்டு போடாதவரை சும்மா ஒப்புக்கு மறைத்துத்தான் வைக்கிறது, அதைப் பிரித்தெடுக்கப் பெரிய வித்தை தேவையில்லை. இந்த ஒன்றில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை. எதைப் போட்டாலும் மாஸ்டர் பாஸ்வேர்டு வையுங்கள், இல்லை சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டுங்கள்.

தாழம்பூ:
இதை ஒத்துக்கொள்கிறேன்.

குளக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஆர்சிங்க் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஹோஸ்டிங்கில் கேட்டால் இந்த பிளானில் எஸ்எஸ்ஹெச் கிடையாது, அதிகக் காசு கொடுத்து அடுத்த பிளானுக்கு மாறுங்கள் என்கிறார்கள். எஃப்டிபியில் டிஎல்எஸ் உண்டாம்.

இதற்கிடையில் ஃபைல்ஸில்லாவிலேயே ஏற்றிப் பார்த்தேன். தளம் வருகிறது, ஆனால் சில படங்கள் மட்டும் வரவில்லை. படங்களுக்குப் பறவைகளின் பெயரையே தமிழில் வைத்திருக்கிறோம். முக்குளிப்பான் வருகிறது, நீர்க்காகம் வருகிறது. நாமக்கோழி, மீன்கொத்தி, கொக்கு வரவில்லை. வலப்பக்கத்தில் பார்த்தால் கோப்புகள் எல்லாமே சர்வரில் இருக்கின்றன. வேறொரு பக்கத்தில் கேமராவிலிருந்து எடுத்த படங்கள் (பெயர் வெறும் எண்தான்) ஒன்றுமே வரவில்லை, அது என் கணினியில் நன்றாக வந்தது.

தாழம்பூ:
பாருங்கள், இதைத்தான் சொன்னேன். வின்எஸ்சிபியில் ஏற்றிப் பாருங்கள்.

கருந்திரை:
அவசரப்படாதீர்கள், இதில் ஃபைல்ஸில்லாவின் தப்பு ஒன்றும் இல்லை. எண் பெயர்ப் படங்கள் எளிது: கேமரா .JPG என்று பெரிய எழுத்தில் வைக்கும், நீங்கள் பக்கத்தில் .jpg என்று எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு.

தமிழ்ப் பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது. வராத மூன்றையும் பாருங்கள்: கோ, கொ, கொ. ஒகர ஓகாரம் இல்லாதவை எல்லாம் வருகின்றன. அந்தப் பக்கம் ஏதாவது பழைய மேக்கில் செய்ததா?

குளக்கரை:
ஆமாம்! படத்தொகுப்புப் பக்கங்களை நண்பர் தன் பழைய மேக்கில் செய்து ஜிப்பாக அனுப்பினார். அவரிடம் எல்லாப் படமும் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கருந்திரை:
யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி என்று ஒரே குறியீடு, அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் முதல் வகை விழும், பக்கத்துக்குள் இருக்கும் லிங்க் அதுதான். பழைய மேக்கின் கோப்பு அமைப்பு எந்தப் பெயரையும் இரண்டாவது வகையாகப் பிரித்தே சேமிக்கும், தேடும்போதும் பிரித்தே தேடும், அதனால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். லினக்ஸுக்கு அது பைட்டுக்குப் பைட் வேறு பெயர். கோப்பு இல்லை என்று 404 பிழை காட்டும். விண்டோஸும் இரண்டையும் வேறு வேறு பெயராகத்தான் பார்க்கும், அந்தப் பக்கத்தை உங்கள் லேப்டாப்பில் திறந்தாலே அதே படங்கள் உடைந்திருக்கும், பாருங்கள். முக்குளிப்பானில் பிரிக்க ஒன்றுமில்லை, அதனால் தப்பித்தது.

ஆர்சிங்க்கில் பெயரை மாற்றிக்கொண்டே ஏற்றும் தேர்வு ஒன்று உண்டு, மேக்கின் வடிவத்தைச் சாதாரண வடிவமாக்கிவிடும். சும்மா சொல்லி வைத்தேன்.

குளக்கரை:
திறந்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்வது?

வெட்டிப்பேச்சு:
கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள், எண், இடைக்கோடு தவிர வேறு எதுவும் வேண்டாம். தமிழ் பக்கத்துக்குள் இருக்கட்டும், படத்தின் கீழே இருக்கட்டும். முக்குளிப்பான் என்ற பெயரை யாராவது லிங்க்காக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தப் பெயர் மட்டும் 126 எழுத்துச் சதவீதக்குறிக் குப்பையாக நீளும்.

கருந்திரை:
தமிழ்ப் பெயர் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒழுங்காக ஒரே வடிவத்தில் வைத்தால் ஓடும்.

வெட்டிப்பேச்சு:
ஓடும். அடுத்த படம் எந்த நண்பரின் எந்தக் கணினியிலிருந்து வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?

கருந்திரை:
சரி, இவருடைய நிலைமைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும்.

தாழம்பூ:
குளக்கரை, பெயர் மாற்றினால் பக்கங்களில் உள்ள லிங்க்குகளையும் மாற்ற வேண்டும். சர்வரில் பழைய பெயரில் கிடப்பவற்றை ஒருமுறை கையால் அழித்துவிடுங்கள். அதன்பிறகு சிங்க்ரனைஸுக்கு வாருங்கள். ஒரே எச்சரிக்கை: அதில் 'டிலீட் ஃபைல்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் வைக்காதீர்கள். வைத்தால் உங்கள் கணினியில் இல்லாத எதையும் சர்வரிலிருந்து அழிக்கும். பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்குள் புள்ளியில் தொடங்கும் ஹெச்டிஆக்சஸ் கோப்பு இருக்கலாம், சிபேனலே எழுதியது, பிஹெச்பி பதிப்பு முதலியவை அதில்தான் இருக்கும். அது உங்களிடம் இருக்காது, போய்விடும்.

மணிமுத்தாறு:
இதைத்தான் நான் கேட்க இருந்தேன். ஃபைல்ஸில்லா தானாக எதையும் அழிக்காது. மாதம் பத்துப் படம் ஏற்றுகிறவருக்குச் சர்வரையே காலி செய்யும் பட்டன் எதற்கு? பத்துப் படத்தை இழுத்து விட்டு, திருத்திய பக்கத்தையும் இழுத்து விட்டால் போதும்.

தாழம்பூ:
பெட்டி முன்பே காலியாகத்தான் இருக்கும், நாமாக டிக் வைத்தால்தான் உண்டு. அப்படி வைத்தாலும் பட்டியலைக் காட்டிவிட்டுத்தான் செய்யும். நீங்கள் சொல்லும் முறையில் திருத்திய பக்கத்தை ஏற்ற மறந்தால் படம் சர்வரில் இருக்கும், யார் கண்ணிலும் படாது. மாதாமாதம் அதுதான் நடக்கும்.

மணிமுத்தாறு:
மறக்காதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் தோழரே.

வெட்டிப்பேச்சு:
கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போட்டிருக்கலாம், 1 ஜிபி வரை இடம் தருவார்கள். இனி சொல்லிப் பயனில்லை, காசு கட்டியாகிவிட்டது.

குளக்கரை:
பெயர்களை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன்: பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லில் நான் ஏற்றியவற்றை மட்டும் அழித்துவிட்டு, மொத்தத்தையும் ஜிப் செய்து, அந்த ஜிப்பை டிஎல்எஸ் கட்டாயம் வைத்து எஃப்டிபியில் ஏற்றி (நெட் போனால் தொடரலாம்), சிபேனலில் பிரித்துக்கொள்வது. அப்புறம் மாதாமாதம் வின்எஸ்சிபி சிங்க்ரனைஸ், டிலீட் டிக் இல்லாமல். சரிதானே?

தாழம்பூ:
சரி. ஜிப்பிலிருந்து பிரித்தால் சர்வரில் கோப்புகளின் நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், சர்வர் வேறு நாட்டு நேரத்தில் இருந்தாலும் அப்படித்தான். முதல் ஒப்பீட்டில் எல்லாமே மாறியதாகக் காட்டினால் திகைக்காதீர்கள். ஒப்பிடும் விதத்தில் நேரத்தை எடுத்துவிட்டு அளவை மட்டும் வைத்து ஒருமுறை பாருங்கள். ஆனால் அதையே வழக்கமாக்காதீர்கள், '2023' என்பதை '2024' என்று திருத்தினால் அளவு மாறாது, அந்தப் பக்கம் ஏறாது.

மணிமுத்தாறு:
இவ்வளவு பாடம் படித்து மாதம் பத்துப் படம்! நான் ஃபைல்ஸில்லாதான்.

கருந்திரை:
எஸ்எஸ்ஹெச் உள்ள பிளானுக்கு மாறும்போது சொல்லுங்கள் குளக்கரை, அந்த ஒரு வரியை எழுதித் தருகிறேன்.

வெட்டிப்பேச்சு:
யாரும் சொல்லாத ஒன்று: பிரித்து முடித்ததும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லில் இருக்கும் அந்த ஜிப்பை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பெயரை ஊகிக்கிற எவரும் மொத்தத் தளத்தையும் ஒரே கிளிக்கில் இறக்கிக்கொள்ளலாம். ஜிப்புக்கு 'சைட்' என்றோ 'பேக்கப்' என்றோதான் பெயர் வைத்திருப்பீர்கள்.

குளக்கரை:
'சைட்2' என்று வைத்திருந்தேன். அழித்துவிடுகிறேன்.