கோய்ல் வந்ததால்தான் கோல் வந்ததா? சென்னையின் எஃப்சி, 2019–20

நீலச்சட்டை:
சீசன் நடுவுல கோச்சை மாத்தினா அட்டாக் மாறுமான்னு கேக்கறவங்களுக்கு நம்ம சென்னையின் எஃப்சியோட 2019–20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) சீசன் ஒண்ணே போதும். ஜான் கிரகரி இருந்த 6 மேட்ச்ல 4 கோல், 5 பாயின்ட். முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்ல. நவம்பர் கடைசியில அவர் கிளம்பினார், டிசம்பர்ல ஓவன் கோய்ல் வந்தார். மிச்ச 12 லீக் மேட்ச்ல 28 கோல், 24 பாயின்ட். நாலாவது இடம், ஃபைனல். அதே டீம், அதே ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கணக்குப்பிள்ளை:
தல, அந்த 4 கோலும் எப்ப வந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே. கிரகரியோட கடைசி ரெண்டு மேட்ச்ல. ஹைதராபாத் 2-1, ஒடிசா 2-2. அதுல மூணு வால்ஸ்கிஸ் அடிச்சது. அவர், அட்டாக்ல கூட ஆடற கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி மூணு பேருமே அந்த சீசன்தான் புதுசா வந்தாங்க. ஒருத்தர் ஓட்டம் இன்னொருத்தருக்குப் பிடிபட நாள் ஆகாதா? பிடிபடற நேரத்துல கோச் மாறினார், பேர் அவருக்குப் போச்சு.

வியாசர்பாடி விங்கர்:
ஹைதராபாத் மேட்ச்சை எல்லாம் இழுக்காதீங்க பாஸ். 90 நிமிஷம் 0-0. நமக்கு ஷெம்ப்ரி, உடனே அவங்களுக்கு கில்கேலன், திரும்ப நமக்கு வால்ஸ்கிஸ், மூணு கோலும் இஞ்சுரி டைம்ல. அதுவும் டேபிள்ல கடைசியா முடிச்ச டீம் கிட்ட. அதுக்குப் பேர் அட்டாக் செட் ஆகறதா?

கோய்ல் வந்தப்புறம் ஆட்டத்தைப் பாருங்க. கிரிவெல்லாரோவை வால்ஸ்கிஸுக்குப் பின்னாடி விட்டு, உன் இஷ்டத்துக்கு ஆடுன்னுட்டார். ஒரு பக்கம் சாங்டே, ஒரு பக்கம் ஷெம்ப்ரி. பின்னாடி மிட்ஃபீல்டுல தாப்பாவும் நம்ம நெய்வேலி வான்ஸ்பாலும். பந்து போச்சுன்னா முன்னாடியே நெருக்கு. கொச்சியில கேரளாவை 6-3 அடிச்ச அன்னிக்கு கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே ஆளுக்கு ரெண்டு. (கேரளாவோட ஒக்பெச்சே ஹாட்ரிக் போட்டும் அவங்க தோத்தாங்க, பாவம்.)

கணக்குப்பிள்ளை:
கொச்சியை நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. கோய்லோட 28 கோல்ல 21 யார் மேல தெரியுமா? கேரளா, ஜாம்ஷெட்பூர், நார்த்ஈஸ்ட், ஹைதராபாத். டேபிள்ல கடைசி நாலு பேர். மத்த 5 மேட்ச்ல ஏழே கோல். கிரகரிக்கு முதல் நாலு மேட்ச் யார் கூட? கோவா, மும்பை, ஏடிகே (கொல்கத்தா டீம்), பெங்களூரு. முதல் அஞ்சு இடத்துல நம்மளைத் தவிர மிச்ச நாலு பேரும் இவங்கதான். ஃபிக்சரைப் பார்க்காம கோச்சைத் திட்டறது நியாயமே இல்ல.

நீலச்சட்டை:
சரி, ஃபிக்சரையே பார்ப்போம். கிரகரி ஆடின அதே ஆறு டீம் கூட கோய்லும் ஒரு தடவை ஆடியிருக்கார். கிரகரி 4 கோல், 5 பாயின்ட். கோய்ல் 10 கோல், 10 பாயின்ட். ஏடிகே கிட்ட 0-1 தோத்தோம், அப்புறம் கொல்கத்தாவுக்கே போய் 3-1. கோவா கிட்ட 0-3, அப்புறம் 3-4. அதுவும் தோல்விதான், ஆனா மூணு கோல் அடிச்சுத் தோத்தது. இப்ப எந்த டேபிளைக் காட்டப் போறீங்க?

கணக்குப்பிள்ளை:
பத்துல ஒன்பது கோல் மூணே மேட்ச்ல வந்தது. பெங்களூரு கூட 0-0. ஒடிசா கிட்ட கிரகரி 2-2, உங்க ஆள் 0-2. செமி ஃபைனல் முதல் லெக்ல கோவாவை 4-1 அடிச்சோமே, அதுல ரெண்டு கோல் கோயன், சாபியா. ரெண்டு பேரும் சென்டர் பேக், டிஃபென்ஸ் ஆளுங்க!

வியாசர்பாடி விங்கர்:
சென்டர் பேக் அடிச்சா கோல் இல்லியா 😄

கணக்குப்பிள்ளை:
கோல்தான். ஆனா விஷயம் வேற. அடுத்த சீசன் கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் அங்க போனார். ஆரம்பத்துல இருந்தே அவர் டீம். 20 மேட்ச்ல 21 கோல். எங்க போச்சு அந்த கோல் மழை? அவர் கூட்டிட்டுப் போகாத முக்கியமான ஆள், 7 கோல் 8 அசிஸ்ட் வெச்சிருந்த கிரிவெல்லாரோ. அவர் காயம்பட்டு பாதியில வெளிய போன அதே சீசன் நமக்கு 20 மேட்ச்ல 17 கோல். அட்டாக்கை மாத்தினது கோச் இல்ல, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடற அந்த 10-ஆம் நம்பர் பொசிஷன்.

நீலச்சட்டை:
அந்த கிரிவெல்லாரோ கிரகரி டீம்லயும்தானே இருந்தார்?