மறு: பயோமார்க்கர் – ‘உயிர்க்காரணி’ வேண்டாமே

அக்கா, வணக்கம்.

நம்ம கலைச்சொல் பட்டியல் பாத்தேன். பயோமார்க்கருக்கு, அதாவது ரத்தம், திசு மாதிரி உடம்புலேருந்து எடுத்து அளந்து உடம்போட நிலையச் சொல்ற பொருளுக்கு, ‘உயிர்க்காரணி’ன்னு போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழயே ரிஸ்க் ஃபேக்டருக்கு, நோய் வர்ற வாய்ப்போட தொடர்புள்ள புகை, குடி மாதிரி விஷயத்துக்கு, ‘இடர்க்காரணி’. ரெண்டும் ஜோடியா இருந்தா ஞாபகம் வச்சுக்கச் சுலபம்னு போட்டிருப்பீங்க போல. ஆனா புற்றுநோய் ஆய்வுல இந்த ஜோடியச் சேக்கவே கூடாது, அதச் சொல்லத்தான் இவ்ளோ நீள மடல்.

காரணின்னு எழுதின உடனே படிக்கிறவங்க மனசுல ‘ஓ, இதாலதான் வருதா’ன்னு விழுந்துரும். இந்த ஆய்வுகள் எப்படி நடக்குதுன்னு பாருங்க. எபிக்னு (EPIC) உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பப் பாக்கிற ஒரு பெரிய ஆய்வு, ஐரோப்பால 10 நாட்டுல பண்றாங்க, 1992ல ஆள் சேக்க ஆரம்பிச்சு 5 லட்சத்துக்கு மேல போச்சு. என்ன சாப்பிடுறீங்க, புகை உண்டா, குடி உண்டா, எவ்ளோ நடக்கிறீங்கன்னு ஒரு கேள்வித்தாள், பெரும்பாலானவங்க கிட்ட ரத்தமும் வாங்கினாங்க. அந்த ரத்தத்தப் பிளாஸ்மா, சீரம், வெள்ளணு, சிவப்பணுன்னு பிரிச்சு அரை மில்லி பிடிக்கிற குட்டிக் குழல்கள்ல அடைச்சு, பெரும்பாலான மையங்கள்ல திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரில போட்டாச்சு. அப்புறம் காத்திருக்கிறதுதான் வேலை. வருஷக்கணக்கா கழிச்சு யாருக்காவது புற்றுநோய் வந்தா அவங்களோட பழைய குழல வெளிய எடுக்கிறாங்க, கூடவே அதே பாலினம், கிட்டத்தட்ட அதே வயசு, அதே சமயத்துல ரத்தம் குடுத்து நோய் வராத ஒருத்தரோட குழலையும் எடுத்து, ரெண்டையும் ஒரே பேட்ச்ல வச்சு அளக்கிறாங்க. வித்தியாசம் தெரிஞ்சா ‘தொடர்பு இருக்கு’ங்கிற வரைக்கும்தான் வாயத் திறக்கலாம்.

அதுக்கு மேல போனா என்ன ஆகும்ங்கிறதுக்குப் பீட்டா கரோட்டின் (கேரட் மாதிரி காய் பழத்துல இருக்கிற ஆரஞ்சு நிறச் சத்து) ஒண்ணு போதும். ரத்தத்துல அது கம்மியா இருந்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமா வருதுன்னு 1980கள்ல ஆய்வு மேல ஆய்வு வந்துச்சு. சரி, மாத்திரையா குடுத்தா தடுக்கலாமேன்னு பின்லாந்துல 29,133 பேர், எல்லாரும் சிகரெட் பிடிக்கிற ஆண்கள், அவங்கள வச்சு சோதனை பண்ணாங்க. 1994ல முடிவு வந்தப்போ கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்கால விட்டமின் ஏ-வும் சேத்துக் குடுத்த இன்னொரு சோதனைல 28 சதவீதம் அதிகம், 1996ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. ரத்தத்துல இருந்த அந்த அளவு, இவர் காய் பழம் நிறைய சாப்பிடுறவர், புகை கம்மியா பிடிக்கிறவர்ங்கிற சேதியத்தான் சொல்லிட்டு இருந்திருக்கணும். சேதி சொன்னவனையே வைத்தியனாக்கிட்டாங்க. நம்ம பட்டியல்ல ‘காரணி’ன்னு போட்டா அதே வேலையத் தமிழ்ல நாம பண்ற மாதிரி ஆயிரும்.

ஆனா எல்லாமே வெறும் சேதிதான்னும் சொல்லிற முடியாது. 1981ல வந்த தைவான் ஆய்வுல 22,707 ஆண்கள், ஹெபடைடிஸ் பி ஆன்டிஜென் ரத்தத்துல இருந்தவங்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் 200 மடங்குக்கு மேல அதிகம். அங்க அளந்தது வைரஸோட புரதத்தையே, அந்த வைரஸ்தான் நோய்க்குக் காரணமும். அதனால காரணம்னும் சொல்லாம, இல்லைன்னும் சொல்லாம நடுவுல நிக்கிற சொல்லா வேணும்.

முன்மடல்கள்ல வந்த மத்ததெல்லாம்: ‘சுட்டி’ ஏற்கனவே மவுஸ், லிங்க்னு ரெண்டு வேலை பாக்குது, விட்ருவோம். ‘அறிகுறி’ சிம்ப்டம், இங்க ரத்தம் குடுத்தவருக்கு எந்த உபாதையுமே இல்ல. ‘தடயம்’ எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா நடந்து முடிஞ்சதுக்குத்தான் அது பொருந்தும், இனி வரப்போறதுக்கு ஒட்டாது. ‘உயிர்க்குறி’ய வகுப்புல சொல்லிப் பாருங்க, பின் பெஞ்சு சிரிக்கும்.

என் ஓட்டு ‘உயிரியல் குறிப்பான்’, சுருக்கமா ‘குறிப்பான்’. மொழியியல்காரங்க வேற அர்த்தத்துல வச்சிருக்காங்கதான், ஆனா ரெண்டு துறையும் ஒரே பக்கத்துல வராது.

> தம்பி, கரோட்டின் விஷயம் புரிஞ்சுது, உயிர்க்காரணிய எடுத்துடறேன். ஆனா ‘குறிப்பான்’ சவசவன்னு இருக்கே? ‘குருதிச்சான்று’ன்னா என்ன, கேக்கக் கம்பீரமா இருக்கு. அப்புறம் உன் கணக்குப்படி இடர்க்காரணியும் தப்புதானே, அத மட்டும் ஏன் விட்டு வச்ச?

அக்கா, கம்பீரம்தான் அதுல பிரச்சினையே. சான்றுன்னா நிரூபணம் ஆயிருச்சுங்கிற தொனி வந்துருது. கோட்டினின எடுத்துக்கோங்க, நிக்கோட்டின் உடம்புல உடைஞ்சு வர்றது, ரத்தத்துல பாதியாக் குறைய ஒரு நாள் கூட ஆகாது. கடைசி ரெண்டு மூணு நாள் புகையச் சொல்லும், 20 வருஷப் பழக்கத்த அது எங்க சொல்லப்போகுது? இன்னொரு சிக்கல், வெளிய தெரியாம உள்ள வளர்ற கட்டியே ரத்த அளவுகள மாத்திரலாம், அப்போ எது முன்ன எது பின்னன்னே தெரியாது. அதனாலதான் ரத்தம் குடுத்த முதல் ரெண்டு வருஷத்துல நோய் வந்தவங்கள ஒதுக்கிட்டு இன்னொரு தடவ கணக்குப் போட்டுப் பாக்கிறாங்க. இவ்ளோ தயக்கத்தோட பேசுற ஒண்ணுக்கு சான்றுன்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல. அதோட ரத்தத்துல மட்டுமா அளக்கிறாங்க, சிறுநீர், எச்சில், திசுன்னு எல்லாத்துலயும்தான், குருதிய ஒட்ட வச்சா அதுக்கெல்லாம் வேற சொல் தேடணும்.

இடர்க்காரணி பாடப்புத்தகம் வரைக்கும் ஊறிப்போச்சு, இப்போ பிடுங்கினா யாரும் கேக்க மாட்டாங்க, இருக்கட்டும்.

‘எக்ஸ்போஷர்’க்கு ‘வெளிப்பாடு’ன்னு போட்டிருக்கீங்களே, அதுதான் இன்னும் ஆபத்து. மரபணு வெளிப்பாடும் அதே பக்கத்துல வரும், ரெண்டும் மோதும். புகைக்கு, கதிர்வீச்சுக்கு ஒருத்தர் உட்படுறார், அதனால ‘உட்படல்’. அப்போ கோட்டினின் ‘உட்படல் குறிப்பான்’, அதனால உடம்புல ஆன மாற்றத்தக் காட்டுறது ‘விளைவுக் குறிப்பான்’. மூணாவது, சிலருக்கு மட்டும் சுலபமா நோய் பிடிக்கிற வாகு இருக்குல்ல, அதக் காட்டுறதுக்கு ‘வாகுக் குறிப்பான்’னு எழுதிப் பாத்தேன், கொஞ்சம் நாட்டுப்புறமா இருக்கு, ஆனா புரியுது. யாருக்காவது வேற தோணுச்சுன்னா எழுதுங்க, ஞாயித்துக்கிழமை அக்கா பட்டியலப் பூட்டறதுக்குள்ள.